இரணியல் ஞானையன் ஹெலிகாப்டர் கொண்ட படலம்

வாழ்க ஞானையன்! இரணியல் ரயில் நிலையத்துக்கு மேற்கே, மூன்று தென்னையும் ஓர் அயனி மரமும் வாயிற்காவல் புரியும் ஓட்டுவீட்டின் தலைவன் வாழ்க! அரசுப் பேருந்து என்னும் ஆறுகால் யானையின் பிடரியில் இருபத்து நான்கு ஆண்டு வீற்றிருந்து, நாகர்கோவில் முதல் திற்பரப்பு வரை வளைந்தும் நெளிந்தும் கிடக்கும் நெடுஞ்சாலையை நாள்தோறும் நான்கு முறை வென்றவன்; எதிர்வரும் லாரிக்கு அரை முழமும் ஈயாத திண்தோளன்; ஆரன் ஒலியால் அருவியின் இரைச்சலையே நாணச் செய்தவன்; படிக்கட்டில் தொங்கும் கல்லூரிக் காளைகளைக் கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்த்து உள்ளே ஏற்றியவன்; ஐம்பத்தொரு வயதிலும் மீசைக்கு மை தேடாத மெய்வீரன், அவன் வாழ்க! அத்தகையோன் இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மூவாயிரம் ரூபாய்க்குள் ரேடியோவால் ஏவும் ஒரு பொம்மை ஹெலிகாப்டர் வாங்கப் புறப்பட்டுப் பட்ட பாடுகளைப் பாட வந்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து, காற்றாலைகளைச் சுழற்றி, நாஞ்சில் நாட்டுக் கூரைகளையெல்லாம் தட்டித் தட்டிப் பார்க்கும் ஆடிக் காற்றே! இக்கதையில் நீ செய்த அழும்பு எமக்குத் தெரியும். இருந்தாலும் எம் நாவுக்காவது நல்லபடி வீசுவாயாக!

அவ்வீரனின் பகை அவன் முதுகுக்குள்ளேயே வளர்ந்தது. தண்டெலும்பின் நாலாம் வட்டும் ஐந்தாம் வட்டும் வாய்க்கால் தகராறு கொண்ட பங்காளிகளைப் போல ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் ஓடிய அப்பாவி நரம்பை நசுக்கின. எலும்பு மருத்துவர் படத்தை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து, “இனி ஸ்டியரிங் தொடப்படாது, கேட்டியளா?” என்றார். அந்த ஒற்றை வாக்கியத்தில் இருபத்து நான்கு ஆண்டு அரசு கவிழ்ந்தது. தக்கலை டெப்போவில் அவனுக்கு ஒரு மேசை தந்தார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதும் வேலை. மற்றவர் ஏறிப் போகும் யானைகளை எண்ணிக்கொண்டு, வாயிலில் அமர்ந்த மன்னனைக் கண்டவர் உண்டோ? தக்கலைக்குப் போய்ப் பார்த்திருந்தால் கண்டிருக்கலாம்.

மனம் ஓரளவு அடங்கியது. கைகள் அடங்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் சோற்றுத் தட்டை இரு கையாலும் பற்றியவன், ஏதோ நினைவில் அதைப் பைய இடப்புறம் திருப்பினான், பிறகு வலப்புறம். அது வில்லுக்குறி வளைவு என்பதை எதிரே இருந்த அவன் மனையாட்டி தங்கபாய் உடனே அறிந்தாள். தட்டு போகிற வழியில் இருந்த மீன்குழம்புக் கிண்ணத்தை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

இப்படி இருக்கும் நாளில், மருத்துவச் சான்று ஒன்றைப் பிரதி எடுக்கத் தக்கலை பிரவுசிங் சென்டருக்குள் அவன் நுழைந்தான். அங்கே பக்கத்துத் திரையில் எந்த நாட்டானோ ஒருவன், வெறும் இரண்டு பெருவிரல்களை அசைத்து, ஒரு சிறு ஹெலிகாப்டரைத் தன் முகத்துக்கு நேரே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டிருந்தான். இடுப்பு வளையவில்லை. முதுகு குலுங்கவில்லை. இரண்டு விரல், அவ்வளவே. அவை சொன்ன பக்கம் ஒரு வாகனம் போயிற்று! கண்டான் ஞானையன். கல்லாய்ச் சமைந்தான். நகல் எடுக்க வந்ததை மறந்தான். ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அதன்பின் மூன்று மாதம் தவம். சனிக்கிழமைதோறும் அத்திரையின் முன் அமர்ந்து, எழுத்துக் கூட்டி ஆங்கிலம் வாசித்து, ஹெலிகாப்டர் நூலை அவன் கரைத்துக் குடித்தான். ஒற்றை விசிறி கொண்டது உண்மை ஹெலிகாப்டருக்கு நெருங்கிய உறவு. ஆனால் முதல்முறை பிடிப்பவன் கையில் அது மதயானை, கண் சிமிட்டுவதற்குள் சுவரில் மோதி ஆயிரம் துண்டாகும் என்று அறிந்தான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழலும் இருவிசிறி ஊர்தியோ சாது. உடம்பு சுற்றிக்கொள்ளாமல் நிற்கும், பழகுவோர்க்கு அதுவே ஏற்றது என்றும் அறிந்தான். அந்தச் சாதுவுக்குக் காற்று மட்டும் ஆகாது, அது நான்கு சுவருக்குள் வாழப் பிறந்தது என்பதையும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டான். விலை குறைவென்று உள்ளங்கை அளவுப் பொடியன்களை வாங்கினால் வெயில் பட்டதும் சொன்ன பேச்சைக் கேட்காமல் விழுந்துவிடும் என்பது வரை அவன் அறியாதது இல்லை.

கற்றதையெல்லாம் அவன் தங்கபாயின் சபையில் விண்ணப்பித்தான். தங்கபாய் யார்? முந்திரிப் பருப்பு ஆலையில், ஊர்வாயில் சொன்னால் அண்டியாபீசில், நூற்று நாற்பது பெண்களுக்கு சூப்பர்வைசர். எந்தப் பருப்பு முழுசு, எது பிளந்தது, எது பொடி என்பதை மூன்று முழம் தள்ளி நின்றே சொல்லும் கழுகுக்கண்ணி. ஆலை முதலாளியே அவள் வருகிறாள் என்றால் சட்டைப் பித்தானைச் சரிபார்ப்பார் என்பது கேள்வி. அவள் விண்ணப்பத்தை இறுதிவரை கேட்டாள். பிறகு தீர்ப்பு உரைத்தாள்:

“மூவாயிரம். அதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாது. உடைஞ்சா அதுக்க சாமான் இஞ்ச கடையில கிடைக்கணும். வீட்டுக்குள்ள எனக்க தலையில வந்து விழப்படாது. நானும் கூட வருவேன்.”

நாள் குறிக்கப்பட்டது. படை திரண்டது. படை என்பது இருவர், ஒரு துணிப்பை.

நாகர்கோவில் வடசேரியில், தக்கலைப் பேருந்துகள் தும்பிக்கை உரசிப் போகும் நெருக்கமான சாலையோரம், இரண்டு மாடிக் கட்டடத்தில் தாணுமாலயன் என்பவரின் விளையாட்டுச் சாமான் கடை. அதன் கண்ணாடிப் பேழைக்குள் மூன்று ஹெலிகாப்டர்கள் சுயம்வரத்து அரசர்களைப் போல வரிசையில் நின்றன. முதலாவது, உள்ளங்கைப் பொடியன். ஆயிரத்து நூறு ரூபாய், செக்கச் செவேலென்று, கொடுக்காப்புளி போல. மூன்றாவது, கரும்புலி; முழ நீளம், ஒற்றை விசிறி, பார்த்த மாத்திரத்தில் மார்பு விம்மச் செய்யும் பேரெழில்; ஏழாயிரத்து ஐந்நூறு. இரண்டுக்கும் நடுவே நின்றது மஞ்சள் நிறத்து இருவிசிறி; இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

ஞானையனின் கண்கள் கரும்புலியின் மீது சென்று தங்கின. ஆ, அந்த வால்! அந்த வளைவு! அறிவு ஒரு பக்கமும் ஆசை ஒரு பக்கமும் நின்று வடம் இழுக்க, மூன்று மாதத் தவம் முந்நூறு நொடியில் உருகும் நிலை வந்தது.

“கொஞ்சம் கூடுதல்தான்,” என்று அவன் காற்றைப் பார்த்துச் சொன்னான், “ஆனா லோன் போட்டா...”

“அது மொதல் நாளே உடையும்னு நீங்கதான எனக்கிட்ட சொன்னீங்க?” என்றாள் தங்கபாய், பேழையைப் பார்த்தபடியே.

ஆசை வடத்தை விட்டது. அறிவு பின்பக்கமாக விழுந்து எழுந்தது. ஞானையன் பெருமூச்சு விட்டு, மஞ்சளைச் சுட்டி, “அத எடும்,” என்று கடைக்காரருக்கு ஆணையிட்டான்.

“ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி,” என்றார் தாணுமாலயன், பெட்டியை எடுத்து வைத்தபடி. “அடுத்த சரக்கு ஓணம் கழிஞ்சுதான் வரும். வெலையும் கூடும், கேட்டேளா?”

ஞானையன் பெட்டியின் வலக்கோடியில் கை வைத்தான். அதே கணத்தில் அதன் இடக்கோடியில் இன்னொரு கை விழுந்தது. உப்பும் வெயிலும் பதப்படுத்திய கருங்காலிக் கை. வலைக்கயிறு இழுத்து இழுத்துத் தழும்பேறிய பெருங்கை. கட்டைவிரல் மட்டுமே ஒரு நெத்திலிக் குஞ்சைவிடப் பெரிது. அக்கையின் வழியே கண்ணை மேலேற்றிய ஞானையன், தோளையும் தாண்டி வெகுதூரம் பயணம் செய்த பிறகே முகத்தை அடைந்தான்.

வந்தவன் சிலுவை. இராஜாக்கமங்கலம் துறையில் ஒரு வள்ளத்துக்குச் சொந்தக்காரன். ஆடிக் கடலையும் அதட்டிப் படுக்க வைப்பவன் என்று கரையில் பெயர் எடுத்தவன்.

“இத நான் எடுத்தாச்சு,” என்று சிலுவை முழங்கினான். கண்ணாடிப் பேழை அதிர்ந்தது.

“ஓய், நான் கேட்டு இறக்கின பெட்டி இது,” என்று ஞானையன் பதில் முழங்கினான். ஆரன் பழகிய குரல் அல்லவா? இம்முறை பேழையோடு மேலே தொங்கிய பந்துகளும் ஆடின.

பெட்டி ஒரு சாண் இடப்புறம் போயிற்று. இரண்டு சாண் வலப்புறம் வந்தது. இரு மலைகளுக்கிடையே அகப்பட்ட ஓடம் போல அது அல்லாடுகையில், தங்கபாய் நடுவில் வந்து பெட்டியின் மேல் தன் துணிப்பையை வைத்தாள். இரு வீரரும் கையை எடுத்தார்கள்.

“உங்களுக்கு எதுக்கு இது?” என்று சிலுவையைக் கேட்டாள்.

அப்போது அக்கடல்வீரன் தன் உள்ளக்கிடக்கையைத் திறந்தான். நெத்திலிக் கூட்டம் எங்கே திரள்கிறது என்று பக்கத்து வள்ளத்துக்காரர்களுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மூன்று வாரமாக அவன் வலை போடுகிற இடமெல்லாம் வெறும் நீர். அவர்கள் போடுகிற இடமெல்லாம் வெள்ளி. கரையில் பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆகவே வானத்தில் தனக்கென்று ஒரு கண் வேண்டும்.

“இது மேல போனா மீன் தெரியுமே!” என்றான்.

“ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டான் ஞானையன். “ஹெலிகாப்டருக்கா, உமக்கா?”

சிலுவை மார்பை நிமிர்த்தி, “எனக்க போனை அதுக்க அடியில கெட்டி விடுவேன். படம் பிடிச்சிட்டு வரும்,” என்றான்.

“உமக்க போனு இத விட கனம் ஓய். தரைய விட்டே எழும்பாது. போன் இல்லாம விட்டாலும் இது கடல் காத்துல நிக்காது. இது வீட்டுக்குள்ள பறக்கக்கூடிய சாதி. நான் மூணு மாசம் படிச்சிட்டு வந்திருக்கேன்.”

சொன்னது ஒவ்வொன்றும் சத்தியம். ஆனால் அதைச் சொன்னவன் அதே பெட்டிக்குப் போட்டியிடுபவன் அல்லவா? சிலுவையின் கண்கள் சுருங்கின. “எனக்க கையில இருந்து பிடுங்கதுக்கு நீரு கத விடுதீரு,” என்றான். “இப்பமே மாடியில ஏத்தி விட்டுப் பாப்போம். காத்துல நிண்ணா எனக்கு. நிக்கலேன்னா உமக்கு.”

தாணுமாலயன் பேனாவைக் காதில் செருகியபடி எழுந்தார். “விட்டுப் பாக்கலாம். ஆனா உடைச்சவரு காசு குடுத்து பெட்டிய எடுக்கணும், அது கட்டாயம்,” என்று போர்விதி அறிவித்தார். சிலுவை ஒப்பினான். ஞானையன் கணக்குப் போட்டான். உடைந்தால் இருக்கும் ஒன்றும் போயிற்று. ஓணம் கழிந்து வருவது மூவாயிரத்தைத் தாண்டும். தாண்டினால் தங்கபாயின் தீர்ப்பு என்னவாகும் என்பதை மேல்முறையீடு எதுவும் மாற்றாது. ஆனாலும் வேறு வழி இல்லாமல் படியேறினான்.

மொட்டைமாடி. மேலே மேகம் கலைந்து ஓடும் வானம். வடக்கே வேளிமலை நீலமாய் நின்று வேடிக்கை பார்த்தது. பெட்டி திறந்தது. மஞ்சள் ஊர்தி சிமெண்டுத் தரையில் இறக்கி வைக்கப்பட்டது. வலையாண்ட பெருவிரல் ரிமோட்டின் சிறு குமிழ் மேல் இறங்கிற்று. விர்ரென்றது மேல்விசிறி, அதற்கு மறுதலையாய் விர்ரென்றது கீழ்விசிறி, எழுந்தது, எழுந்தது, மாடத்துப் புறா போல் எழுந்தது! மாடிச்சுவருக்குக் கீழே காற்று படாத மறைவில் ஒரு நொடி அசையாது நின்றது.

“பாத்தீரா?” என்றான் சிலுவை.

அது சுவரைத் தாண்டித் தலையெடுத்தது. அவ்வளவுதான். கணவாயிலிருந்து அதற்கெனவே வந்தது போல ஒரு காற்று, கண்ணுக்குத் தெரியாத கையொன்று கோழிக்குஞ்சைக் கவ்வுவது போல அதைக் கவ்வியது. சிலுவை குமிழை இடப்புறம் தள்ளினான். அது வலப்புறம் போயிற்று. வலப்புறம் தள்ளினான், அது பின்னும் வலப்புறம் போயிற்று. சாலைக்கு மேலே இரண்டு குட்டிக்கரணம் அடித்து, மின்கம்பிக்குத் தப்பி, நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த அரசுப் பேருந்து ஒன்றின் கூரையில், சாமான் கட்டிய கம்பித்தட்டின் நடுவே போய் விழுந்தது. பேருந்து அறியவில்லை. பேருந்துக்கு வழி கிடைத்தது. பேருந்து போயிற்று.

“ஐயோ, எனக்க மஞ்சள்!” என்று தாணுமாலயன் அலறினார்.

சுவரோரம் குனிந்து பார்த்த ஞானையனுக்கு மட்டும் அந்தப் பேருந்தின் பின்புறம் அடையாளம் தெரிந்தது. இடப்பக்கம் நசுங்கிய பம்பர். அவனே இரண்டாயிரத்து ஏழில் ஒரு பலாமரத்தோடு செய்த வாக்குவாதத்தில் நசுங்கியது. ஒன்பது ஆண்டு அவன் ஏறி ஆண்ட யானை அது! திற்பரப்பு வண்டி!

“இறங்கும் ஓய்,” என்று சிலுவையின் முழங்கையைப் பற்றினான். “எந்த எடத்துல பிடிக்கலாம்னு எனக்குத் தெரியும்.”

சிலுவை மீன் ஏற்றும் வண்டி கடைவாசலில் நின்றது. நாடே குட்டியானை என்று அழைக்கும் அந்தச் சிறு சரக்கு வண்டி. சிலுவை ஸ்டியரிங் பிடிக்க, ஞானையன் முதுகுக்குத் துணிப்பையை முட்டுக் கொடுத்துப் பக்கத்தில் அமர்ந்தான். “பைய போங்க, இடுப்பு!” என்று தங்கபாய் கூவியது காற்றில் கரைந்தது. பெரிய யானையைத் துரத்திக்கொண்டு குட்டியானை பிளிறிப் பாய்ந்தது. காலி மீன்பெட்டிகள் பின்னே முரசறைந்தன. ஐஸ் தண்ணீர் வழியெங்கும் பன்னீராய்ச் சிதறிற்று. இருசக்கர வாகனப் படைகள் இரண்டாய்ப் பிளந்து மூக்கைப் பொத்தி வழிவிட்டன.

ஞானையன் அசையாமல் அமர்ந்து சாலையை ஏவினான். அவன் சொல்லச் சொல்ல அது அப்படியே நிகழ்ந்தது.

“வெட்டூர்ணிமடத்துல அவன் நாலு நிமிசம் நிப்பான். நீரு நிக்காதேயும், இடத்து வழி உள்ள விடும். கல்யாண மண்டபத்துக்கப் பெறவு வலத்த திரும்பும். இனி ஒரு பசு படுத்திருக்கும், ஆரன் அடிச்சா எழும்பாது, சுத்திப் போவும்.”

பசு படுத்திருந்தது. சிலுவை சுற்றிப் போனான். அவன் முகத்தில் முதன்முறையாக மரியாதை படர்ந்தது. “அண்ணே, நீங்க ஆரு?” என்று கேட்டான். ‘நீரு’ அண்ணே ஆகிவிட்டதைப் பாருங்கள்!

“இந்த ரோட்டுல இருவத்திநாலு வருசம் வண்டி ஓட்டினவன்,” என்றான் ஞானையன். பள்ளம் ஒன்று வந்தது. இல்லாத பிரேக்கை அவன் வலது கால் மிதித்தது.

சுங்கான்கடையில் அவர்கள் முந்திக்கொண்டார்கள். ஞானையன் வண்டியிலிருந்து மெல்ல இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் சாலையோரம் நின்று வலக்கையை உயர்த்தினான். ஏற்றத்தில் முக்கி வந்த பேருந்து அந்தக் கையைக் கண்டது. பிரேக் கிரீச்சிட்டது. யானை மண்டியிட்டது.

“அண்ணே! நீங்களா?” என்று சன்னலுக்கு வெளியே தலை நீட்டினான் ஓட்டுநர் பிரதீஷ். ஞானையனுக்குப் பிறகு அந்த இருக்கைக்கு வந்த இளைஞன். “என்ன விசயம்?”

“ஒண்ணுமில்ல மக்கா. எனக்க ஹெலிகாப்டர் உனக்க கூரையில கெடக்கு.”

பேருந்துக்குள் அறுபது வாய்கள் ஒரே சமயத்தில் மூடின. பிறகு அறுபது தலைகளும் சன்னல் வழியே வெளியே வந்தன. சிலுவை அதற்குள் பின் ஏணியைப் பற்றிப் பாய்மரம் ஏறுபவன் போல ஏறிவிட்டான். மேலே தோவாளையிலிருந்து குலசேகரம் கல்யாணத்துக்குப் போகும் பூக்கூடைகள் வரிசையாய்க் கட்டிக் கிடந்தன.

கீழே, ஓட்டுநர் பக்கம் சுற்றி வந்த ஞானையனிடம் பிரதீஷ் குரலைத் தாழ்த்தினான். “அண்ணே, வண்டி இப்பமும் இடப்பக்கம் இழுக்குது. ஒர்க்ஷாப்புல மூணு தடவ பாத்தாச்சு. என்னண்ணே செய்ய?”

“அது அவளுக்க கொணம்லே. இழுத்துப் பிடிக்காத. ரெண்டு விரல் வலத்த வச்சுக்கோ, அவளே நேரா வருவா.”

சொல்லிக்கொண்டே அவன் கை சன்னல் வழியே உள்ளே போய், வெயிலில் சூடேறிய ஸ்டியரிங்கின் விளிம்பில் ஒரு தரம் தங்கிற்று. பிரதீஷ் அதைப் பார்க்காதது போலக் கண்ணாடியைச் சரிசெய்தான். நடத்துநர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். ஞானையன் கையை வெளியே எடுத்து, கதவை இருமுறை தட்டினான். புறப்படலாம் என்பதற்கு நாடறிந்த அடையாளம் அது.

அதற்குள் சிலுவை இறங்கியிருந்தான். தோளில் வாடாத பிச்சிப்பூ நாலைந்து ஒட்டியிருக்க, ஏந்திய இரு கைகளில் மஞ்சள் ஊர்தி, பூவுக்குள் விழுந்ததால் பிழைத்திருந்தது. மேல்விசிறியின் இதழ் ஒன்று மட்டும் முறிந்திருந்தது.

“அண்ணே,” என்றான் அக்கடல்வீரன், கண்ணைத் தாழ்த்தி, “நீங்க சொன்னது செரிதான். மொத்தக் கடல் காத்து வேண்டாம், வடசேரிக் காத்துக்கே நிக்கல. உடைச்சது நான். வெலையும் நான் குடுக்கேன். சாமானை நீங்க வச்சிக்கிடுங்க.”

இதுதான் ஞானையனுக்கு நேர்ந்த மெய்யான சோதனை. இலவசமாக, கையருகே, பிச்சி மணத்தோடு! மூவாயிரமும் மிச்சம், அதோடு கொஞ்சம் சேர்த்தால் ஒரு நாள் கரும்புலி! அறிவும் ஆசையும் மறுபடி வடத்தைப் பற்றின. ஆனால் மூன்று வாரம் வெறும் வலை இழுத்த அந்தக் கைகளை அவன் பார்த்தான்.

“வேண்டாம்லே,” என்றான். “பெட்டிக்குள்ள மாத்து இதழு ரெண்டு செட் இருக்கும். அதுக்குத்தான் நான் இத தேடிப் பிடிச்சேன். வா, போவோம்.”

திரும்பி வந்த வீரர்கள் கடையில் கண்ட காட்சி யாது? போர் முடிந்து உடன்படிக்கையும் எழுதியாகிவிட்டிருந்தது. தங்கபாய் நாற்காலியில் அமர்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தாள். தாணுமாலயன் எதிரே நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன முக்கால் மணி நேரத்தில் ஊர்தி இல்லாப் பெட்டியை அவள் அண்டிப்பருப்பு போலப் பிரித்து ஆராய்ந்திருந்தாள். பெட்டியின் ஒட்டுத்தாள் ஏற்கெனவே ஒரு முறை பிரித்து ஒட்டப்பட்டது. சார்ஜர் வயரில் கீறல் இருந்தது. இதற்கு முன் யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த சாமான் இது என்று நிறுவி, கடைக்காரர் வாயாலேயே அதை ஒப்புக்கொள்ள வைத்திருந்தாள்.

“ரெண்டாயிரத்தி நானூறு,” என்றாள் கணவனிடம். “புது சார்ஜரும் தருவாரு. கேடு வந்தா ஒரு மாசத்துக்குள்ள மாத்தித் தருவாரு.”

“தருவேன்,” என்றார் தாணுமாலயன், தலையைக் குனிந்து.

பிறகு அவள் சிலுவையைப் பார்த்தாள். எதிரிக்கும் நீதி வழங்கும் அரசியாகப் பேழையின் மேல்தட்டைச் சுட்டினாள். “உங்களுக்கு வேண்டியது பறக்கக்கூடிய சாமான் இல்ல தம்பி. தூரமா பாக்கக்கூடிய சாமான். அங்க அந்த பைனாகுலர் இருக்கு பாருங்க. கழுத்துல மாட்டிக்கிட்டு வள்ளத்துல நிண்ணா, பக்கத்து வள்ளக்காரன் எங்க போறான்னு தெரியும்லா? மீனு பொறவு தெரியட்டும்.”

சிலுவை அதை எடுத்துக் கண்ணில் வைத்தான். சாலையின் அந்தக் கோடியில் நின்ற பேருந்தின் பெயர்ப்பலகையை வாசித்தான். அவன் முகம் பௌர்ணமிக் கடலாய்ப் பொங்கிற்று. “எக்கா,” என்றான். அடுத்த வாரம் ஒரு நெய்மீன் இரணியல் வந்து சேரும் என்று மட்டும் சூளுரைத்துவிட்டு, பைனாகுலரைக் கழுத்தில் அணிந்து குட்டியானையில் ஏறிப் போனான்.

அன்று மாலை ஐந்தேகால் மணி. இரணியல் வீட்டின் முன்னறை. சன்னல்கள் அடைக்கப்பட்டன; நாற்காலிகள் நாடு கடத்தப்பட்டன; முறிந்த இதழின் இடத்தில் புதிய இதழ் திருகாணியால் பூட்டப்பட்டது. தங்கபாய் தலையில் ஒரு துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள். ஞானையன் சுவரில் முதுகு சாய்த்து, ரிமோட்டை ஏந்தி, இரண்டு பெருவிரல்களையும் குமிழ்கள் மேல் வைத்தான்.

முதல் எழுச்சியில் ஊர்தி காலண்டரைக் கிழித்தது. இரண்டாவதில் டியூப்லைட்டை முத்தமிட்டது. மூன்றாவதில், காண்க, எழுந்தது மஞ்சள் வான்தும்பி! எழுந்து, அறையின் நட்டநடுவில், அவன் நெஞ்சுக்கு நேரே நின்றது. இடப்பக்கம் லேசாக இழுத்தது. ஞானையன் எதிர்த்துப் பிடிக்கவில்லை. விரலால் ஒரு எள்ளளவு வலத்தே சொன்னான். அது கேட்டது. போ என்றான், போயிற்று. திரும்பு என்றான், திரும்பிற்று. சுவருக்கு ஒரு சாண் முன்னே நில் என்றான், நின்றது. எட்டு மாதமாக மேசை மேலும் தட்டின் மேலும் வழி தேடி அலைந்த அந்தக் கைகள் அமைதியாயின. முதுகு அன்று வலித்ததா என்று பின்னால் கேட்டபோது அவனுக்கு நினைவில்லை.

“இஞ்ச கொண்டு வாங்க பாப்போம்,” என்றாள் தங்கபாய், உள்ளங்கையை நீட்டி.

கொண்டு வந்தான். ஊர்தி காற்றில் தவழ்ந்து வந்து, அவள் கையிலேயே இறங்கி, விசிறி தளர்ந்து ஓய்ந்தது. அவள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழுது ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. “கொள்ளாம்,” என்றாள். இருபத்தாறு ஆண்டு இல்லறத்தில் அப்பாராட்டை அவள் இதற்கு முன் எத்தனை முறை சொன்னாள் என்பதை ஒரு கை விரலில் எண்ணலாம்.

ஏழு நிமிடத்தில் பேட்டரி தீர்ந்திருந்தது. கவலை எதற்கு? சார்ஜர் உண்டு, ஐம்பதே நிமிடம். சுவரில் செருகினான், செம்பொட்டாய் விளக்கு எரிந்தது. அது பச்சையாகும் அந்தத் திருக்கணத்தில் முன்னறையைத் தாண்டி அடுக்களை வாயில் வழியே நுழைவான்! அரிசிப் பானையை வலம் வருவான்! அம்மிக்கல்லின் மேல் இறங்குவான்! ஆடிக் காற்று கதவுக்கு வெளியே தோற்று நின்று ஊளையிட, இரணியல் நன்னகரின் வான்படைத் தலைவன் நாற்காலியை மீட்டு வந்து போட்டு, ரிமோட்டை மடிமேல் வைத்து, அந்தச் செம்பொட்டின் மேல் கண்ணை நட்டு, இமையாது, அசையாது, வெற்றித்தூண் போல் வீற்றிருந்தான்.

ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று.